புகை வந்தது முன்னால... பிரச்னை இருந்தது பின்னால! | பழைய வண்டி டைரி - 11

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைக் கெடுத்தது மாமாவின் போன்.

"அம்மிணி, நீ ஏதோ பழைய வண்டியப் பத்தியெல்லாம் எழுதறயாமா? உன்ற அத்தை போன்ல காட்டுனா. அப்ப என்ற வண்டிக்கு ஒரு வழி சொல்லு பாக்கலாம்!"

பத்து வாரமாக இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்பதால், எனக்கு வண்டி பற்றி எல்லாம் தெரியும் என்று மாமா நம்பிவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்பதுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "என்ன ஆச்சு மாமா?" என்றேன்.

ஆனது இதுதான். என் மாமாவுக்கு ஊர் சேந்தமங்கலம் பக்கம். கொல்லிமலை சோளக்காடு சந்தையில் பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு கீழே நாமக்கல்லுக்குக் கொண்டுவருவது அவர் தொழில். கொல்லிமலைப் பாதை தெரியும்தானே? 70 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைக்குப் பலா லோடோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆகியிருக்கிறது. முதலில் ஒரு கருகல் வாடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைதான் முன் சக்கரத்திலிருந்து புகை வருவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். மாமா செகண்ட் கியருக்கு இறக்கி, அதிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு இறக்கி, மலைச்சுவர் ஓரமாக அணைத்து, ஒரு வழியாக நிறுத்திவிட்டார். அத்தை இறங்கி ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாராம். அரை மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியபோது அத்தை ஏறவில்லை. பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி அதில் போய்விட்டார்.

"ரெண்டு வாரமாச்சு. இன்னும் வண்டில ஏற மாட்டேங்கறா. பஸ்லதான் சந்தைக்கு வர்றா" என்றார் மாமா. அவருக்குப் புகையைவிட அதுதான் பெரிய கவலை என்று குரலிலேயே தெரிந்தது.

வண்டி 1999 மாடல் பிக்-அப். எனக்கும் அதற்கும் ஒரே வயது. சின்ன வயதில் அதன் பின் பக்கம் உட்கார்ந்துதான் நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போவோம். கம்பெனி பெயர் வேண்டாமே. இதில் கம்பெனி செய்த தப்பு எதுவும் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

எட்டு மாசத்தில் ரெண்டு செட் பேடு

அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். மாமா முதலில் சொன்ன தகவலே எனக்கு விநோதமாகப் பட்டது. எட்டு மாதத்தில் இரண்டு முறை முன் பிரேக் பேடு மாற்றியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் "முன்னாடி தேஞ்சுபோச்சு, மாத்திட்டேன்" என்று கதை முடிந்திருக்கிறது. ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று யாரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். காரில் பிரேக் வேலையில் பெரும் பங்கை முன் சக்கரங்கள்தான் செய்கின்றன. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்கிறது என்பதால் அப்படி. பிக்-அப் வேறு ரகம். காலியாக இருக்கும்போது பின் பக்கம் தக்கை மாதிரி. கொஞ்சம் அழுத்தி மிதித்தாலே பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். லோடு ஏற்றிவிட்டால் எடையெல்லாம் பின் ஆக்சில் மேல். அப்போது பின் பிரேக்கும் தன் பங்கைச் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் அந்த வேலையும் முன் பக்கத்தின் தலையில் விழும். பேடு தேயும், டிஸ்க் சூடாகும், மலை இறக்கத்தில் புகையும்.

ஆக, புகை வந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. இதை நான் கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். நாமக்கல்லில் லாரி பட்டறைகள் நிறைந்த தெரு ஒன்றில் நாற்பது வருடமாக வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் போனிலேயே சொன்னது. "பேடு சீக்கிரம் தேயுதுன்னா பின்னாடி தூங்குதுன்னு அர்த்தம். வண்டியக் கொண்டாங்க" என்றார்.

கொண்டுபோகும் முன்பு வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யச் சொன்னார். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின் பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், ப்ளீஸ். கியர் நியூட்ரலில் இருக்க, ஒருவர் ஹேண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லாக இழுக்க, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அதேபோல் கால் பிரேக்குக்கும்.

ஏன் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார் தெரியுமா? ஹேண்ட் பிரேக் கேபிளால் இழுபடுவது. அதில் பிரேக் ஆயில், சிலிண்டர் எதற்கும் வேலை இல்லை. ஆனால், இரண்டும் போய்ப் பிடிப்பது அதே ஷூ, அதே டிரம். ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடித்து, கால் பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஷூவும் டிரம்மும் நல்லவை; கோளாறு ஆயில் போகும் பாதையில். இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் டிரம்முக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. கேபிளும் இறுகியிருக்கலாம்.

மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். லீவர் ஏறக்குறைய நேராக நின்றுவிட்டது. நான் இடது சக்கரத்தை ஒற்றைக் கையால் சுற்றினேன். சுற்றியது. வலது சக்கரமும் சுற்றியது.

"அப்ப இத்தன நாளா மலை மேல எப்படி மாமா வண்டிய நிறுத்துனீங்க?"

"கியர்ல போட்டுக் கல்லு வெச்சிருவேன், அம்மிணி."

பெடல் சொல்லும் ஜோசியம்

பட்டறையில் மேஸ்திரி வண்டியைத் தொடவே இல்லை. முதலில் மாமாவிடம்தான் விசாரணை. "ஒரு மிதியில பிடிக்குதா, ரெண்டாவது மிதியில பிடிக்குதா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதை அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய், உடனே இரண்டாவது மிதி மிதித்தால் உயரத்தில் நின்று பிடிக்கிறது என்றால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். டைட் வைக்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கி அமுங்கி வந்தால் லைனில் காற்று. காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே கசிவே தெரியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. பெடல் கல் மாதிரி இறுகி, வண்டியும் நிற்கவில்லை என்றால் வேக்கம் பூஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். இதற்கு மட்டும் ஒரு சுலப வழி இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை பெடலை மிதியுங்கள். பிறகு காலை அழுத்தியபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

மாமாவின் வண்டிக்கு இரண்டாவது மிதிதான். பூஸ்டர் நன்றாக இருந்தது.

"இறக்கத்துல நியூட்ரல்ல விடுவீங்களா?" என்று மேஸ்திரி கேட்டபோது மாமா வேறு பக்கம் பார்த்தார். டீசல் மிச்சம் பிடிக்கிற பழைய வித்தை. மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அந்தக் கியர்லதான் இறங்கோணும்னு சும்மாவா சொல்றாங்க? நியூட்ரல்ல விட்டா மொத்தப் பாரமும் பிரேக்கு மேலதான். அதுல இன்ஜினும் நின்னுபோச்சுன்னா பூஸ்டருக்கு ரெண்டு மூணு மிதிக்குத்தான் தெம்பு இருக்கும். அப்புறம் நீங்க பெடல் மேல ஏறி நின்னாலும் நிக்காது!"

டம்ளர் தண்ணியில் ஒரு சொட்டு

இடது பின் டிரம் கழலவே மாட்டேன் என்றது. பட்டறைப் பையன் சுத்தியலை எடுத்ததும் மேஸ்திரி அதட்டினார். பழைய டிரம்மின் உள்விளிம்பில் தேயாத ஒரு மேடு நிற்குமாம். ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். பின் தட்டில் இருக்கும் துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் டிரம் வரும். பல டிரம்களின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அதில் போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். விளிம்பில் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

டிரம் வெளியே வந்ததும் உள்ளே இருந்த கறுப்புத் தூளை ஊதப் போனேன். "பாப்பா, ஊதாதே!" என்று இன்னொரு அதட்டல், இந்த முறை எனக்கு. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. காற்றடித்துச் சுத்தம் செய்யவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டிப் போட்டுவிட வேண்டும். எத்தனை பட்டறையில் இதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. இவர் கடைப்பிடித்தார்.

இடது பக்க ஷூ இரண்டும் பளபளவென்று நனைந்திருந்தன. "வீல் சிலிண்டர் லீக்" என்றார் மாமா, அனுபவஸ்தர் மாதிரி. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஷூவிலிருந்து வழித்த ஒரு சொட்டை அதில் விட்டார். அது மேலே மிதந்தது.

இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வழக்கமான பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில். உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம். தண்ணீரில் கலந்து காணாமல் போய்விடும். மிதந்தால் அது நிஜ எண்ணெய். அதாவது, ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரௌன் ஆயில். முகர்ந்து பார்த்தாலும் கந்தக வாடை அடிக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே காய்ந்திருந்தது. ஆக, சிலிண்டர் குற்றவாளி இல்லை. ஆக்சில் சீல் போயிருக்கிறது.

சீலை மாற்றிவிட்டால் முடிந்ததா? அங்கேதான் மேஸ்திரி மேஸ்திரியாக இருக்கிறார். ஹவுசிங்கின் மேல் பக்கம் கை விட்டுத் தடவி, சுண்டு விரல் அளவுக்கு ஒரு மூடியைக் கழற்றிக் காட்டினார். மண்ணும் கிரீஸும் சேர்ந்து சிமென்ட் மாதிரி அடைத்திருந்தது. அதற்குப் பெயர் பிரீதர். வண்டி ஓடி ஹவுசிங் சூடாகும்போது உள்ளே காற்று விரியும். அது வெளியேறுவதற்கான மூக்கு இது. மூக்கு அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழி தேடும், ஆயிலையும் சீல் வழியாக வெளியே தள்ளும். "இதக் கவனிக்காம சீல் மட்டும் மாத்தியிருந்தா, திரும்பவும் என்கிட்டதான் வந்திருப்பீங்க. எனக்கு வருமானம்தான்" என்று சிரித்தார்.

மாமாவுக்கு ஷூவை மாற்ற மனம் வரவில்லை. லைனிங் இன்னும் நல்ல கனம் இருந்தது. "பெட்ரோல்ல கழுவி வெயில்ல காய வெச்சா ஆகாதுங்களா?" என்று கேட்டார். ஆகாது. லைனிங் எண்ணெயைக் குடித்துவிடும். மேலே கழுவினால் காய்ந்த மாதிரி இருக்கும். சூடேறியதும் உள்ளே இருப்பது வியர்த்து வெளியே வரும். அதுவும் ஒரு பக்கம் மட்டும் புது ஷூ போட்டால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். நான்கு ஷூவும் மாற்ற வேண்டியதாயிற்று.

வலது பக்கம் வேறு கதை. அங்கே எண்ணெய் இல்லை, ஈரமே இல்லை. ஆனால், அட்ஜஸ்டரின் பல் சக்கரம் துருப்பிடித்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. லைனிங் தேயத் தேய அது ஷூவை வெளியே நகர்த்திக்கொண்டே வர வேண்டும். நகர்த்தாததால் டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில் அகலமான இடைவெளி. பெடல் முதல் மிதியில் ஆழத்துக்குப் போனதன் காரணம் இதுதான். ஹேண்ட் பிரேக் கேபிளும் உறைக்குள் இறுகிப்போயிருந்தது. மாமா கல் வைத்து நிறுத்தும் பழக்கத்துக்கு வந்தபோதே அது செத்துப்போயிருக்க வேண்டும். பயன்படுத்தாத கேபிள் சீக்கிரம் இறுகும்; இறுகியதால் பயன்படுத்த மாட்டோம்.

இரண்டு டிரம்மும் லேத்துக்குப் போய் வந்தன. டிரம்மின் மேல் அதன் அதிகபட்ச விட்டம் எண்ணாக வார்க்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகு அதைத் தாண்டினால் டிரம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மாமாவின் டிரம்கள் தாண்டவில்லை. தப்பித்தார்.

கறுப்பு காபி

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறம். "குறைஞ்சா ஊத்துவேன்" என்றார் மாமா. மாற்றியது எப்போது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரையறை 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230-ம் 155-ம். மலை இறக்கத்தில் பிரேக் சூட்டில் ஆயில் கொதித்தால் குமிழி வரும். குமிழியை அழுத்தினால் சுருங்கும், பிரேக்கை அழுத்தாது. மாமாவின் காலுக்குப் பெடல் பஞ்சாகத் தெரிந்ததும், அரை மணி நேரம் ஆறிய பிறகு சரியானதும் இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ரப்பர் எல்லாம் ஊதிப்போய், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல் சிலிண்டர் வரை அத்தனையும் மாற்ற வேண்டிவரும்.

ஏர் எடுக்கும்போது பின் நிப்பிளில் ஆயில் சோம்பலாக வந்தது. ஆக்சிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும் என்று அதையும் மாற்றினார் மேஸ்திரி. கொஞ்சம் தேவலை. ஆனாலும் அவர் முகம் முழுதாகத் தெளியவில்லை. "வருது... ஆனா வேகம் பத்தல" என்று முணுமுணுத்தபடி நிப்பிளை இறுக்கினார்.

பில் 6,200 ரூபாய். மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அஞ்சாவது பல்லில் வண்டி மாடு மாதிரி நின்றது. நான் சென்னைக்கு பஸ் ஏறினேன். கட்டுரையும் எழுதி முடித்துவிட்டேன்.

முடிந்த கட்டுரையைத் திருப்பி எழுத வைத்த போன்

பத்து நாளில் மாமாவிடமிருந்து போன். "அம்மிணி, பெடல் நல்லாத்தான் இருக்குது. ஆனா லோடோட இறங்குனா முன்னாடி திரும்பவும் அந்த வாடை வருது."

மேஸ்திரி இந்த முறை பலா லோடோடு அப்படியே வரச் சொன்னார். நான் வீடியோ காலில். மலையிறங்கி வந்து நின்ற வண்டியின் சக்கர இடுக்கு வழியாக இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். முன் டிஸ்க்கில் 'ஸ்ஸ்' என்று ஆவியானது. பின் டிரம்மில் சொட்டு அப்படியே வழிந்து கீழே விழுந்தது. புது ஷூ, கடைந்த டிரம், புது ஆயில். ஹேண்ட் பிரேக் போட்டால் கெட்டியாக நிற்கிறது. ஆனால், கால் பிரேக் மட்டும் பின் பக்கத்தை எட்டவே இல்லை. முதலில் செய்த அதே சோதனைதான், இப்போது வேறு பதிலைச் சொன்னது: கோளாறு ஆயில் போகும் பாதையில்.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்தார். எழுந்து வந்தவர் மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, பட்டை சேத்துனீங்களா?"

மாமா சேர்த்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு, இன்னும் இருபது பலா கூடுதலாக ஏற்றுவதற்காக, பின் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை. எங்கள் பக்கம் இதைச் செய்யாத வண்டியை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதற்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? நானும் இதைத்தான் கேட்டேன். பிக்-அப்பில் காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் பின் பிரேக்கின் தேவை வேறு வேறு என்று மேலே சொன்னேன் இல்லையா, அதைக் கவனித்துக்கொள்ள பல பிக்-அப்களில் ஒரு வால்வு இருக்கிறது. பட்டறைகளில் எல்.எஸ்.பி.வி என்பார்கள். வண்டியின் சேஸில் வால்வு, அதிலிருந்து ஒரு கை நீண்டு, ஒரு கம்பி வழியாகப் பின் ஆக்சிலோடு இணைந்திருக்கும். லோடு ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி, சேஸ் ஆக்சிலை நோக்கி இறங்கும். கம்பி கையை மேலே தள்ளும். வால்வு திறந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடும். லோடு இறங்கினால் சேஸ் உயரும். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்-அப்களில்கூட இதே ஏற்பாடுதான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே எடையை ஊகிக்கும் ஒரு சின்னக் கை.

பட்டை சேர்த்ததும் ஸ்பிரிங் இறுகிவிட்டது. ஒரு டன் பலா ஏற்றினாலும் வண்டி தாழவில்லை. மாமாவுக்கு அதில் பெருமைகூட. "பாரு, லோடு ஏத்துனதே தெரியல" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். வால்வுக்கும் தெரியவில்லை! வண்டி காலி என்று நம்பி, இரண்டு வருடமாகப் பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நிப்பிளில் ஆயில் சோம்பலாக வந்ததும் அதனால்தான்.

உறுதி செய்துகொள்ள மேஸ்திரி கம்பியைக் கழற்றி, வால்வின் கையை மேலே தள்ளி, கட்டுக்கம்பியால் தற்காலிகமாகக் கட்டினார். பட்டறைக்குப் பின்னால் இருந்த மண் பொட்டலில் நடை வேகத்தில் ஓட்டிப் பிரேக் அடித்தார். வண்டி பின்னங்காலை ஊன்றி நின்றது. மண்ணில் பின் சக்கரத் தடம் அழுத்தமாக விழுந்திருந்ததை வீடியோவில் காட்டினார். சோதனை முடிந்ததும் கம்பியைப் பழையபடி மாட்டிவிட்டார். அப்படியே கட்டிவிட்டு ஓட்டலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். காலி வண்டி ஈர ரோட்டில் பிரேக் அடித்தால் பின் பக்கம் சுழன்று முன்னால் வந்து நிற்கும்.

கம்பியின் நீளத்தை மாற்றி வைத்துச் சமாளிக்க முடியாதா என்று மாமா கேட்டார். சில பட்டறைகளில் செய்து தருவார்களாம். இவர் மறுத்துவிட்டார். கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்குக்குக் கணக்குப் போட்டு வைத்த அளவு அது. வேறு ஸ்பிரிங்குக்கு எவ்வளவு வைப்பது என்று கையால் மதிப்பிட்டுச் சொல்ல முடியாது என்பது அவர் பதில். "பட்டையக் கழட்டிட்டு, புத்தகத்துல போட்டிருக்கற லோடு மட்டும் ஏத்துங்க. இல்லீன்னா வேற பட்டறை பாருங்க."

மாமா இரண்டு நாள் யோசித்தார். அது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. இருபது பலா குறைந்தால் ஒவ்வொரு நடைக்கும் கையில் நிற்கும் காசு குறையும். டீசல் அதேதான், வண்டி வாங்கிய கடன் முடிந்திருந்தாலும் தம்பி படிப்புக்கு வாங்கிய கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் ஒவ்வொரு வருடமும் எஃப்.சி எடுக்க வேண்டும். அந்தச் செலவு வேறு. ஒரு பழைய டைரியில் அவர் போட்ட கணக்கை அத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். ஒரு பக்கம் பலாவின் விலை. இன்னொரு பக்கம் எட்டு மாதத்தில் வாங்கிய இரண்டு செட் பேடு, ஒரு முறை மாற்றிய டிஸ்க், சந்தைக்கு அத்தையின் பஸ் டிக்கெட். கடைசி வரியை இரண்டு முறை அடித்து எழுதியிருந்தார். அப்படியும் பலா பக்கம்தான் கொஞ்சம் மேலே இருந்தது.

மூன்றாவது நாள் பட்டையைக் கழற்றிவிட்டார்.

"கணக்கு இடிக்குதே மாமா?" என்றேன் போனில்.

"சீசன்ல வாரத்துக்கு ஒரு நடை கூட ஓட்டிக்கறேன்" என்றவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வளைவுல உங்க அத்தை கல்லத் தூக்கிட்டு ஓடி வந்தா பாரு... அவளுக்கு முழங்கால் வலி, தெரியுமில்ல?" என்றார்.

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. லோடோடு இறங்கியதும் முன்னும் பின்னும் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது இப்போது மாமாவுக்கு வழக்கமாகிவிட்டது. இரண்டு பக்கமும் சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதாம். வண்டி லோடு ஏற்றியதும் முன்பைவிடத் தாழ்ந்து நிற்பதை மட்டும் அவரால் இன்னும் ரசிக்க முடியவில்லை.

அத்தை? போன ஞாயிறு சந்தைக்கு மேலே போகும்போது வண்டியில் போயிருக்கிறார். கீழே இறங்கும்போது பஸ்.

*அடுத்த வாரம்: ஏ.சி இல்லாத பழைய காரில் மழைக்காலத்தில் கண்ணாடி பனிமூட்டம் கட்டுவது ஏன்?*